நான் தூக்காத வெங்காய மூட்டை

என் அண்ணன் பெற்று, நான் வளர்த்த மகனுக்கு,

ஐரோலியில் மேகத்துக்குப் பக்கத்து மாடி வீட்டில் உட்கார்ந்து இந்தக் கவரைப் பிரிக்கும்போது, போனில் சொல்ல முடியாத அப்படி என்ன சங்கதி என்று நீ நினைப்பாய். போனில் சொல்லலாம். ஆனால் போன் என்றால் நான் பேசிப் பேசியே ஜெயித்துவிடுவேன். இந்த தாராவியில் என்னிடம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு போலீஸ் அதிகாரியே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரி இல்லை, கான்ஸ்டபிள். பார், இப்படித்தான் வருகிறது. எழுதுவது என்றால் எனக்கு ஆறாம் வகுப்போடு நின்றுபோன கை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் விரல் விண்ணென்று வலிக்கிறது. கை வலித்தால் பொய் குறைகிறது என்பதை இந்த வயதில்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அதனால் கடிதம்.

நீ இங்கிலீஷில் எழுதிய நாவல் தமிழில் வரப்போகிறது என்று அந்தக் காகிதக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நம்ம ஊர்ப் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் சித்தப்பா, நீங்கள் சரி என்றால் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். மாட்டுங்காவில் ஹால் பிடித்து வெளியிடுவோம், நீங்கள்தான் மேடையில் பேச வேண்டும் என்றும் சொன்னாய். பேச்சு சரியாகத்தான் வந்திருக்கிறது மகனே. ஆனால் அச்சுக்குக் கொடுக்காதே. ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நிதானமாகத்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன கட்டை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே பிளக்ஸ் போர்டு அடிக்கிறவனிடம் போனேன். இங்கிலீஷ் புத்தகம் வந்தபோதே பேப்பரில் எழுதியிருந்தார்களே, இந்த நாவலின் உயிரே அந்தச் சித்தப்பாதான் என்று. நீதானே எனக்குப் படித்துக் காட்டினாய். வட்டி ஆசை காட்டிப் பணம் பிடித்த சொசைட்டி கவிழ்வதற்கு முன்னால் ஒரு சந்தில் வாழ்ந்த சாதாரண ஜனங்களின் கதை, அதில் தன்னிடம் இருந்ததையெல்லாம் இழந்தும் அண்ணன் பிள்ளையை மூட்டை தூக்கிப் படிக்க வைத்த ஒருவன். அது நான்தான் என்று சந்துக்குத் தெரிய வேண்டாமா? பொங்கலுக்குத் தொண்ணூறடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கிற நாளில், சந்து முகப்பில் தொங்கவிட்டேன். உன் படம் ஓரத்தில் தபால்தலை அளவு. நடுவில் நான், கூலிங் கிளாஸோடு. கீழே ‘நாவலின் நாயகன்’ என்று தங்க எழுத்து. பம்பாயே நின்று பார்த்தது. சரி, பம்பாய் இல்லை. பொங்கல் வைக்க வந்தவர்கள் பார்த்தார்கள். அதில் ஒருத்தி இசக்கியம்மாள்.

இசக்கியை நீ மறந்திருக்க மாட்டாய். நம் சுவருக்கு அடுத்த சுவர். காலையில் இட்லி அவித்து விற்றவள். சொசைட்டி கவிழ்ந்தபிறகு அறையைக் காலி செய்துவிட்டு மகளோடு ஆண்டாப் ஹில்லுக்குப் போனவள். நீயும் அவளை நாவலில் இட்லிக்காரியாகவே வைத்திருக்கிறாய், பெயரைக்கூட மாற்றவில்லை. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்தக் கவிழாத காலத்தைச் சொல்ல வேண்டும். நீ சின்னப் பையன், உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித் தெரிந்ததுதான். அதில்தான் கோளாறே.

அந்தக் காலம் நல்ல காலம் மகனே, அதை நீ நன்றாக எழுதியிருக்கிறாய். பகலில் நான் தோல் பட்டறையில் பை வெட்டுவேன். சாயங்காலம் சொசைட்டிக்கு வீடு வீடாகப் போய் அன்றன்றைய பணத்தை வசூல் செய்வேன். செம்பூரில் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலிலேயே மீன் தொட்டி. முதலாளி நம் ஜில்லாக்காரர், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். பேங்க் கொடுக்காத வட்டி. சந்தே கனவில் மிதந்தது. தையல்கார பால்துரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் வாஷிக்குப் போவான். வாங்க அல்ல, பார்க்க. பாதி கட்டிய கட்டடத்துக்குக் கீழே நின்று, எந்த ஜன்னல் நமக்கு என்று இரண்டு பேரும் விரல் நீட்டிச் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். உன் நாவல் அந்த ஜன்னலில்தான் ஆரம்பிக்கிறது. வாசித்தபோது அந்தப் பக்கத்தை மடக்கி வைத்துவிட்டேன். ஏனென்றால் பால்துரையை சொசைட்டியில் சேர்த்தது நான். சந்தில் பாதிப் பேரைச் சேர்த்தது நான்.

எப்படிச் சேர்த்தேன் என்பதையும் எழுதியிருக்கிறாய்: நாக்கால். லாக்கர் ரூமுக்குள் யானை போய்த் திரும்பலாம் என்பேன். நான் லாக்கர் ரூமைப் பார்த்ததே இல்லை. மீன் சிங்கப்பூரிலிருந்து பிளேனில் வந்தது என்பேன். அது குர்லாவில் வாங்கியது என்று ஆபீஸ் பியூன் என்னிடம் சொல்லியிருந்தான். இதெல்லாம் சோற்றுக்கு ஊறுகாய். யாரும் ஊறுகாயை நம்பிச் சோறு தின்பதில்லை. நம்பவைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அதை இசக்கியிடம்தான் முதலில் சொன்னேன்.

அவள் லேசில் மசியவில்லை. மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப வைத்திருந்த பணம். “ஒங்க மீனு, யானையெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. ஒங்க காசு எங்க கெடக்கு, அதச் சொல்லுங்க,” என்று மாவு ஆட்டிய கையோடு கேட்டாள். சந்தில் எல்லோருக்கும் தெரியும், உன் அப்பா கிரேனிலிருந்து விழுந்து போனபோது, கேஸ் போடக் கூடாது என்று காண்டிராக்டர் என் கையில் ஒரு தொகை கொடுத்தான். உன் அம்மா அதற்கு முன்பே போயாகிவிட்டது. அது உன் பணம். உன் படிப்புப் பணம். நான் இசக்கியைப் பார்த்து, “என் அண்ணன் உசுரு வெலையே அங்கதான் கெடக்கு,” என்றேன். அவள் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பணத்தை எடுத்து வந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளையின் பணத்தை ஒருவன் ஆபத்தான இடத்தில் போடுவானா? அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை வீடு வீடாகக் கொண்டுபோனேன். பால்துரைக்கும் அதுதான்.

மகனே, அந்தப் பணம் சொசைட்டியில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மாட்டுங்காவில் கவர்மெண்ட் பேங்கில் என் பேரில் பத்திரமாகக் கிடந்தது. வெளியே யானை, பிளேன் என்று அளந்தவனுக்கு உள்ளே பயம். அண்ணன் பணம் என்றதும் கால் பேங்குக்குப் போனது. மற்றவர்கள் பணம் என்றபோது சொசைட்டிக்குப் போனது. இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒருநாள் காலை கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. மீன் தொட்டி மட்டும் உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. முதலாளி எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. சந்துகளில் வசூல்காரர்களைப் பிடித்து அடித்தார்கள். செம்பூர்ப் பக்கம் ஒருவனுக்குக் கை உடைந்தது. என்னை யாரும் தொடவில்லை. தொடுவதா? டீ வாங்கிக் கொடுத்தார்கள். பால்துரை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நமக்காவது கை கால் இருக்கிறது, அந்தப் பையன் காசும் போய்விட்டதே என்று சந்தே எனக்காக வருத்தப்பட்டது. அடிக்குப் பயந்துதான் முதலில் வாயை மூடிக்கொண்டேன், அது நிஜம். ஆனால் பிறகு அந்த மரியாதை பிடித்துப்போய்விட்டது, அதுவும் நிஜம். இசக்கி மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கு இட்லி கொண்டுவர ஆரம்பித்தாள். காசு வாங்க மாட்டாள். பிள்ளை வயிறு வாடக் கூடாது என்பாள். மகளின் படிப்புப் போன வீட்டிலிருந்து, பணம் போகாத வீட்டுக்கு வந்த இட்லி அது. அறையை விட்டுப் போகிறவரைக்கும் வந்தது.

நீ காலேஜில் சேர்ந்தாய். ஃபீஸ் கட்ட வேண்டும். பேங்கில் பணம் இருக்கிறது, ஆனால் சந்துக்குத் தெரிந்து அது செத்துப்போன பணம். அப்போது பிறந்ததுதான் வாஷி மார்க்கெட்டும் வெங்காய மூட்டையும். பட்டறை விட்டதும் மூட்டை தூக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறுவேன். வாஷி ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சுண்டல் வாங்கித் தின்பேன். திரும்பும்போது ரயிலில் காய்கறிக்காரர்கள் ஏறுகிற லக்கேஜ் டப்பாவில் ஏறிக்கொள்வேன். அங்கே தரையெல்லாம் வெங்காயச் சருகு. குனிந்து உட்கார்ந்தால் தானே ஒட்டும். ஒட்டாத நாளில் நானே இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். உன் சித்தி சட்டையை உதறும்போது அது பறக்கும், நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாய். உன் நாவலில் எல்லோரும் கொண்டாடுகிற இடம் அதுதானே, ‘சித்தப்பாவின் சட்டையிலிருந்து விழுந்த வெங்காயச் சருகு’? ஒரு மூட்டை தூக்கவில்லை மகனே. ஒரே ஒரு நாள் ஒரு கிழவருக்காகக் கூடையை டப்பாவில் ஏற்றிவிட்டேன். அதில் தக்காளி இருந்தது.

இப்போது இசக்கி வந்ததைச் சொல்கிறேன். பொங்கல் வைக்க மகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவள், போர்டைப் பார்த்துவிட்டு நேரே நம் வீட்டுக்கு ஏறி வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாய் நரைக்கவில்லை. “என்ன அண்ணாச்சி, எலெக்சன்ல நிக்கியளா? மூஞ்சி இம்புட்டுப் பெருசாத் தொங்குது,” என்றாள். உன் சித்திக்கு அவளைப் பார்த்ததில் ஒரே சந்தோஷம், காப்பி போட உள்ளே போனாள். நான் போர்டு விவரத்தைச் சொன்னேன். அவளும் கதையில் இருக்கிறாள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். விடுவாளா? வாசியுங்கள் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அன்றைக்குத்தான் அந்தக் காகிதக் கட்டையே நான் முதன்முதலாகப் பிரித்தேன்.

எனக்கு வாசிப்பு எப்படி என்று உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, மூச்சு வாங்கி. இட்லிக் கடையை வாசித்தேன். அவள் சிரித்தாள். சட்னியில் தேங்காய் குறைவு என்று எழுதியிருக்கிறாயாம், அது அபாண்டம் என்றாள். இன்னும் அவள் வருகிற இடம் எங்கே என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் ஆஸ்பத்திரி வராந்தா வந்தது. கண் முன்னால் ஓடி வாய் பின்னால் வந்தது. நீ அவளைச் சாகடிக்கிறாய். பணம் போன வருஷமே, காய்ச்சலில். சாகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்குப் போனது போகட்டும் அண்ணாச்சி, ஒங்க புள்ள காசு போச்சே’ என்று எனக்காக அழுகிறாள். இதை எப்படி உயிரோடு எதிரே இருக்கிறவளிடம் வாசிப்பது? என் நாக்கு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டது. இசக்கியம்மாள் குணமாகி வீட்டுக்கு வந்தாள், ஆண்டாப் ஹில்லில் பெரிய ஓட்டல் வைத்தாள், திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார் என்று காகிதத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனேன். மாலைக்கு என்ன பூ என்பதுவரை சொன்னேன்.

அவள் கையை நீட்டிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

“இவ்வளவு நேரம் திக்கித் திக்கி வந்தது, இப்ப தண்ணியா ஓடுதே. நீங்க வாசிக்கல அண்ணாச்சி. சொல்லுதீய.”

எவ்வளவு பெரிய ஆட்களை ஏய்த்தவன் நான். எழுதப் படிக்கத் தெரியாதவள், என் வேகத்தை வைத்தே பிடித்துவிட்டாள். விரலை மறுபடி வரியில் வைத்து, எழுத்து எழுத்தாக, அவள் சாவை அவளுக்கே வாசித்தேன். முடித்ததும் அவள் கோபப்படவில்லை. “காய்ச்சல்லயா? நல்லவேள, லாரில அடிபட்டுன்னு எழுதல,” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் சித்தி காதில் விழாமல், பரிவோடு கேட்டாள்: “அந்தப் புள்ள காசு... பொறவு கொஞ்சமாவது திரும்பிச்சா, அண்ணாச்சி?”

தலையை இல்லை என்று ஆட்டியிருந்தால் போதும். காப்பி வந்திருக்கும், குடித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவள் தன்னுடைய பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை மகனே. இத்தனை வருஷம் கழித்தும் உன் பணத்தைப் பற்றிக் கேட்டாள். “அது போகவே இல்ல இசக்கி. பேங்குல இருந்திச்சு,” என்றேன். அடுப்படியில் காப்பி ஆற்றுகிற சத்தம் நின்றது. உன் சித்திக்கும் அன்றுதான் தெரியும்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள், சந்து ஜனத்தைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்லலாம், அழலாம், காலில் விழலாம். அதற்கெல்லாம் என்னிடம் சரக்கு இருக்கிறது. அவள் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு இருந்தது. பிறகு சொன்னாள்:

“புள்ளைக்கு இட்லி குடுத்தது இருக்கட்டும். அவன் காசு இருந்தாலும் குடுத்திருப்பேன். நீங்களும் உக்காந்து தின்னீயளே.”

எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. இது அளப்பு இல்லை, உன் சித்தியைக் கேட்டுப் பார், ஒன்றும் வரவில்லை.

போகும்போது வாசலில் நின்று உனக்கு ஒன்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “அவன் என்னச் சாவடிச்சதுல வருத்தமில்லன்னு சொல்லுங்க. ஏமாந்தவளுன்னு எழுதட்டும், நெசமாத்தான ஏமாந்தேன். ஒங்களுக்காக அழுதவளுன்னு மட்டும் எழுதாண்டாம்.” காப்பி அப்படியே இருந்தது. அன்றைக்கே ஆள் வைத்து அந்தப் போர்டை இறக்கிச் சுருட்டினேன். ஏன் என்று பால்துரை கேட்டான். அவனிடமும் சொன்னேன். அவன் போய் மிஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தான். இப்போது சந்தில் எனக்கு யாரும் டீ சொல்வதில்லை. உன் சித்தி, சோறு போட்டிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை.

அதனால்தான் அச்சுக்குக் கொடுக்காதே என்கிறேன். இங்கிலீஷில் எழுதியதை இந்தச் சந்து வாசிக்கவில்லை. தமிழில் வந்தால் பால்துரையின் மகளாவது எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். அவர்களிடமிருந்து ஒரு வாக்கியத்தை வைத்துப் பணத்தை வாங்கினேன். இப்போது அதே வாக்கியத்தை நல்ல தாளில் அச்சடித்து அவர்களுக்கே விற்க வேண்டாம். உன்மேல் தப்பில்லை. வளர்த்தவன் சொன்னதை நம்பினாய். ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்றாலும்: எழுதுகிறவன் சொந்த வீட்டு ஆளிடம்தான் அதிகமாகக் கேள்வி கேட்க வேண்டும். நீ எத்தனையோ பேரைத் தேடிப் போய் விசாரித்தாய். ஆண்டாப் ஹில் ஒரு பஸ் தூரம். அவளைத் தேடிப் போகவில்லை, கதைக்கு நன்றாக இருக்கும் என்று சாகடித்துவிட்டாய். அது என் புத்தி மகனே. அது உனக்கு வர வேண்டாம். அவள் செத்துப்போனால் எனக்குத்தான் சௌகரியம், அழுதுவிட்டுப் போய்விடலாம். உயிரோடு இருக்கிறவள் எதிரேதான் உட்கார முடியவில்லை. அவளைப் போய்ப் பார். என்னைக் கூப்பிடாதே. நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு முன்னால் நான் பேசிவிடுவேன்.

நான் வருகிற பக்கங்களை எடுத்துவிடவா என்று கேட்பாய். எடுக்காதே. நான் செய்ததை எல்லாம் வை, பேர் போட்டே வை. மாட்டுங்கா மேடை எனக்கு வேண்டாம். மூட்டை மட்டும் போகட்டும். அந்த இடத்தில் வேறு ஒன்றை எழுத வேண்டும், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

காலேஜில் சேர்ந்த புதிதில் ஒருநாள் நீ சாப்பிடும்போது சொன்னாய்: ‘எங்கப்பா உசுரக் குடுத்தும் எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல.’ நாவலிலும் அது அப்படியே இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம்தான் நான் பேங்கிலிருந்து எடுத்த பணத்தை உன் காலேஜில் கட்டிவிட்டு வந்திருந்தேன். பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ என்னை நன்றியோடு பார்த்தாய். அந்தப் பார்வை உன் அப்பாவுக்குச் சேர வேண்டியது. ஒவ்வொரு வருஷமும் உனக்கு ஃபீஸ் கட்டியது அவன்தான், செத்த பிறகும். கடைசி வருஷத்தோடு பணமும் தீர்ந்தது, அளந்து வைத்ததுபோல. உனக்கு எந்தப் பாக்கியும் வைக்காமல் போனவன் அவன். அதை உனக்குத் தெரியாமல் பண்ணினேன். இசக்கியிடம் தலைகுனியலாம், உன் சித்தி என்றைக்காவது பேசலாம், நீ வந்து நாலு வார்த்தை திட்டலாம். என் அண்ணனிடம் போய்ச் சொல்ல எனக்கு வழி இல்லை. எனக்கு எழுதவும் வராது. நீ எழுதத் தெரிந்தவன். உன்னைப் படிக்க வைத்தது யார் என்று அவன் பேரை எழுது.

உன் சித்தப்பன்